வெடிமருந்தைக் கூட்டினால் வேகம் கூடாதா? நொடிக்கு 10 கி.மீ. மோதல் சோதனை பற்றி ஒரு சந்தேகம்

நிலாத்தூசு:

இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். விண்குப்பை மோதல் பற்றி வகுப்பில் ஒரு கருத்தரங்கு எடுக்க வேண்டும். 1983-இல் சாலஞ்சர் விண்ணோடத்தின் ஜன்னலில் ஒரு பெயின்ட் துணுக்கு மோதிப் பள்ளம் போட்டதாம். துணுக்கின் அளவு 0.2 மி.மீ. பள்ளத்தின் அகலம் 4 மி.மீ. ஜன்னலையே மாற்ற வேண்டி வந்தது. அதைப் படித்ததிலிருந்து இந்தத் தலைப்பு என்னை விடவில்லை.

தாழ்சுற்றுப்பாதையில் குப்பைகள் மோதும் வேகம் சராசரியாக நொடிக்கு 10 கி.மீ. என்கிறார்கள். துப்பாக்கித் தோட்டா 1 கி.மீ. தொட்டாலே அதிகம். மிச்சம் இருக்கும் பத்து மடங்கை ஆய்வகத்தில் எப்படி எட்டுகிறார்கள்? குழலை நீட்டி, வெடிமருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன? புரோட்டானை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு மணல் துகளை ஓட்டுவதா கஷ்டம்? அப்புறம், இவ்வளவு சிரமப்படாமல் கணினியிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆகாதா?

கம்பிச்சுருள்:

ரயில்கன் இருக்கிறதே. வெடிமருந்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இரண்டு தண்டவாளம், நடுவில் குண்டு, மின்சாரத்தைப் பாய்ச்ச வேண்டியதுதான்.

பழைய பிஸ்டன்:

முதலில் கம்பிச்சுருளுக்கு. தாளில் வரைந்தால் ரயில்கன் அழகாகத்தான் இருக்கும். லட்சக்கணக்கான ஆம்பியர் பாயும்போது குண்டுக்குப் பின்னால் உண்டாகும் பிளாஸ்மா, அதாவது மின்னேறிய கொதிவாயு, தண்டவாளத்தை அரித்துத் தின்றுவிடும். நொடிக்கு 6, 7 கி.மீ. பக்கம் வந்து முட்டி நின்றவர்கள் பலர்.

இனி தம்பிக்கு. நானும் ஒரு காலத்தில் இதையெல்லாம் கேட்டவன்தான். ஒன்பது வருடம் ஒரு ஆய்வகத்தில் இரண்டு கட்ட வாயுத் துப்பாக்கியில் வேலை பார்த்தேன். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. குழல் துடைப்பவன், பிஸ்டன் கடைபவன். ஆகவே கணக்கைவிடக் கைவேலைதான் அதிகம் சொல்வேன்.

குண்டைத் தள்ளுவது வாயு. அது குண்டின் முதுகோடு ஒட்டிக்கொண்டே ஓடினால்தான் தள்ள முடியும். வெடிமருந்து எரிந்து வருகிற வாயு கனமானது, அதன் சராசரி மூலக்கூறு எடை 25 பக்கம் இருக்கும். மருந்தைக் கூட்டக் கூட்ட, அந்தச் சக்தியில் பெரும்பங்கு வாயு தன்னையே சுமந்துகொண்டு ஓடுவதில் போய்விடும். பழுதாகி நின்ற வண்டியைப் பத்துப் பேர் சேர்ந்து தள்ளுகிறார்கள் என்று வை. அவர்களால் ஓட முடிந்த வேகத்தை வண்டி தொட்டுவிட்டால், அதற்குமேல் நூறு பேர் வந்தாலும் கை எட்டாது. வெடிமருந்தை மட்டும் நம்பினால் 2 கி.மீ. தாண்டுவதே பெரிய விஷயம்.

அதனால் வேகமாக ஓடக்கூடிய ஆளைப் பிடிக்க வேண்டும். ஹைட்ரஜனின் மூலக்கூறு எடை 2. அறை வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர், ஹைட்ரஜனில் 1,300 மீட்டர். சூடாக்கினால் இன்னும் ஏறும். சரி, எப்படிச் சூடாக்குவது? வெடிமருந்து குண்டைத் தள்ளாது, ஒரு பிளாஸ்டிக் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஓர் அகலமான குழலில் இருக்கும் ஹைட்ரஜனை நெருக்கிக்கொண்டே போகும். குழலின் மறுமுனையில் சிலுவை போலக் கீறிய உலோகத் திரை ஒன்று இருக்கும். அழுத்தம் ஆயிரக்கணக்கான வளிமண்டல அளவுக்கு ஏறியதும் திரை நாலு இதழாக விரிந்துவிடும். அந்தச் சூடான ஹைட்ரஜன்தான் சின்னக் குழலில் இருக்கும் குண்டை உதைக்கும். 1957-இல் குரோசியர், ஹியூம் என்ற இருவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

உலகத்தில் இந்த வகைத் துப்பாக்கிகள் வழக்கமாக 7 கி.மீ. பக்கம் நிற்கும். எங்களுடையது நல்ல நாளில் 6.5 தொடும். ஒன்றரை மீட்டர் குழலில் 7 கி.மீ. வேகம் வர வேண்டும் என்றால் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 16 லட்சம் மடங்கு. அரை மில்லி நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த அரை மில்லி நொடிக்கு நாங்கள் ஒரு நாள் முழுக்க வேலை செய்வோம். குழலில் படிந்த கரியைத் துடைக்க வேண்டும், ஹைட்ரஜன் கசிகிறதா பார்க்க வேண்டும், குண்டு பறக்கும் அறையில் காற்றை உறிஞ்ச வேண்டும். திரையில் கீறலின் ஆழம் ஒரு மயிரிழை மாறினாலும் அது திறக்கும் நேரம் மாறும், வேகமும் மாறும். காற்றை ஏன் உறிஞ்ச வேண்டும் என்று கேட்காதே. நொடிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஒரு சின்னக் கண்ணாடி மணி காற்றுக்குள் போனால் இலக்குக்குப் போய்ச் சேருவது வேறு பொருள்.

குண்டு குழலைவிடச் சின்னது. ஆகவே நாலு துண்டாகப் பிரியும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைப்போம். அதற்குச் சாபோ என்று பெயர். குழலின் உட்பக்கம் திருகு போலச் சுழல்வரி வெட்டியிருந்தால் சாபோ சுழன்றுகொண்டே வெளியே வரும், வந்ததும் நாலு துண்டும் நாலு பக்கம் விலகும். நடுவில் ஓட்டை போட்ட தடித்த எஃகுத் தகடு அவற்றை வாங்கிக்கொள்ளும், குண்டு மட்டும் ஓட்டை வழியாகப் போகும். போக வேண்டும். ஒருமுறை 1 மி.மீ. கண்ணாடி மணியை அலுமினியக் கட்டியில் சுட்டோம். அறையைத் திறந்தால் 9 மி.மீ. அகலத்துக்குப் பிரமாதமான பள்ளம். நான்தான் முதலில் பார்த்தேன், நான்தான் முதலில் குதித்தேன். படம் எடுத்து, அளந்து, குறிப்பேட்டில் எழுதி எல்லாம் ஆயிற்று. மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தவர், பள்ளத்தின் அடியில் கண்ணாடியே இல்லை, கருகிய பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றார். சாபோவின் கால்வாசி ஓட்டை வழியாக நுழைந்து மோதியிருக்கிறது. உண்மையான பள்ளம் கட்டியின் ஓரத்தில், பாதி அகலத்தில், யாரும் கவனிக்காமல் இருந்தது. அதற்குப் பிறகு இலக்கைத் தொடுவதற்கு முன்னால் எஃகுத் தகட்டில் நாலு தழும்பு இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் மறுவேலை.

கணினி பற்றி: போடலாம், போடுகிறார்கள். ஆனால் அந்த அழுத்தத்தில் அலுமினியம் எப்படி நசுங்கும், எப்போது உருகும் என்ற தகவலைக் கணினிக்கு யாராவது சுட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

புரோட்டான் கேள்வியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தூரம்.

நிலாத்தூசு:

மிக்க நன்றி அண்ணா. தம்பி இல்லை, தங்கச்சி. இதழாக விரியும் திரையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. ஒன்று கேட்கலாமா? துப்பாக்கி 7 கி.மீ.யோடு நின்றுவிட்டால், 10 கி.மீ.யில் மோதப்போகும் செயற்கைக்கோளுக்குக் கவசம் செய்கிறவர்கள் 7-ல் சோதித்துவிட்டு எப்படித் தைரியமாக இருக்கிறார்கள்? வேகம் கூடினால் ஆபத்தும் கூடத்தானே செய்யும்?

பழைய பிஸ்டன்:

மன்னித்துக்கொள், தங்கச்சி.

வேகம் கூடினால் ஆபத்து கூடும் என்பது ஒற்றைச் சுவருக்குச் சரி. விண்கலத்தில் இருப்பது பெரும்பாலும் இரட்டைச் சுவர். 1940-களில் ஃபிரெட் விப்பிள் சொன்ன யோசனை இது. மெல்லிய தகடு ஒன்று முன்னால், கொஞ்சம் இடைவெளி, அப்புறம் உண்மையான சுவர். முன்தகட்டின் வேலை தடுப்பது அல்ல, வருகிறவனை உடைப்பது. 7 கி.மீ. வேகத்தில் வருகிற அலுமினிய உருண்டை முன்தகட்டில் பட்டதும் பொடிந்து, உருகி, ஒரு மேகமாக விரிந்து பின்சுவரில் பரவலாக விழும். சுவர் தாங்கிக்கொள்ளும். அதே உருண்டை 3 கி.மீ. வேகத்தில் வந்தால்? உடையாது. முன்தகட்டில் ஓட்டை போட்டுவிட்டு முழுசாக உள்ளே வரும், பின்சுவரையும் துளைக்கும்.

இதை நானே கண்ணால் பார்த்தேன். ஒரே அளவு உருண்டை, ஒரே மாதிரிக் கவசம். 6.5-ல் சுட்டபோது பின்சுவரில் கரி பூசிய மாதிரி ஒரு வட்டம், அதில் நூறு சின்னக் குழி, ஓட்டை ஒன்றுகூட இல்லை. திரை சரியாகத் திறக்காமல் 3-ல் போன ஒரு சொதப்பல் சுடலில் பின்சுவர் பொத்துக்கொண்டது. அந்தச் சுடலைக் கணக்கில் சேர்க்காமல் தூக்கிப்போடப் பார்த்தோம். எங்கள் தலைவர்தான், இந்த வருடம் நீங்கள் செய்ததில் உருப்படி இது ஒன்றுதான் என்று எடுத்து வைத்தார்.

7-க்கு மேலே ஆபத்து மறுபடி ஏறத் தொடங்கும் என்பதும் உண்மை. அங்கே வேறு உத்திகள் உண்டு. வடிவமைத்த வெடிமருந்துக் கூம்பிலிருந்து சுமார் ஒரு கிராம் அலுமினியத் துண்டை 11 கி.மீ. வேகத்தில் பீய்ச்சுகிறார்கள். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த குறுக்குவழி: அலுமினியத்துக்குப் பதில் காட்மியம் உருண்டை, காட்மியம் தகடு. காட்மியம் எளிதில் உருகும். ஆகவே 6 கி.மீ. வேகத்திலேயே, அலுமினியம் அதைவிட அதிக வேகத்தில் நடந்துகொள்வதைப் போல உருகிக் காட்டும். வேகத்தைக் கூட்ட முடியாவிட்டால் பொருளை மாற்று.

மைக்ரான்:

புரோட்டான் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் தூசு முடுக்கியில் வேலை பார்த்தவள். பிஸ்டன் அண்ணன் 6.5-க்கு ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டதைப் படித்துச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் வேகத்துக்குப் பஞ்சமே இல்லை, எடைக்குத்தான் பஞ்சம்.

புரோட்டான்கள் எல்லாம் ஒரே அச்சு. மின்னூட்டமும் எடையும் இம்மியும் மாறாது. அதனால்தான் வட்டப்பாதையில் ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் சரியான நேரத்தில் உதை கொடுக்க முடிகிறது. தூசு அப்படி இல்லை. ஒவ்வொரு துகளுக்கும் ஒரு எடை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னூட்டம். ஒரே தாளத்துக்கு அத்தனையும் ஆடாது. ஆகவே பழைய வழி: லட்சக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு முனையில் நிறுத்தி, துகளை மின்னேற்றி, நேர்கோட்டில் உருட்டிவிடுவது. தாளமே தேவையில்லை. 1960-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் ஃபிரிக்டெனிக்ட் 20 லட்சம் வோல்ட்டில் இதைச் செய்துவிட்டார். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் மாக்ஸ் பிளாங்க் அணு இயற்பியல் நிறுவனத்தின் வான் டி கிராஃப் என்ற உயர் மின்னழுத்தக் கருவியும் 20 லட்சம் வோல்ட்தான். கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருப்பது 30 லட்சம் வோல்ட்.

கருவியின் மூக்கில் சின்னக் கிண்ணம், அதில் இரும்புப் பொடி, நடுவில் டங்ஸ்டன் ஊசி. மின்னழுத்தத்தைத் துடிப்பாகக் கொடுத்தால் பொடி கிளம்பிக் கிண்ணத்துக்குள் துள்ளும். ஊசி முனையைத் தொட்ட துகள் மின்னூட்டம் வாங்கிக்கொண்டு வெளியே ஓடும். எது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததைப் பார்த்து, வேண்டியதை விட்டு, வேண்டாததை மின்தகடுகளால் ஓரம் தள்ளுவோம்.

எடைக்கு ஏன் பஞ்சம் என்று நீயே கணக்குப் போடலாம். துகளின் மேற்பரப்பில் மின்புலம் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் மேற்பரப்பிலிருந்து அயனிகளே பிய்த்துக்கொண்டு போகும். நடைமுறையில் அந்த எல்லைக்குக் கீழேதான் நிற்போம். மீட்டருக்கு 200 கோடி வோல்ட் என்று வைத்துக்கொள். மின்னூட்டம் ஆரத்தின் வர்க்கத்தோடு ஏறும், எடை ஆரத்தின் முப்படியோடு ஏறும். ஆகவே துகள் பெரிதாகப் பெரிதாக அது தன் எடைக்கு ஏற்ற மின்னூட்டம் வாங்க முடியாமல் திணறும். 30 லட்சம் வோல்ட்டில் 1 மைக்ரான் ஆரமுள்ள இரும்புத் துகளுக்கு நொடிக்கு 6 கி.மீ. சொச்சம் கிடைக்கும். ஆரம் 0.1 மைக்ரான் என்றால் 20 கி.மீ. 10 நானோமீட்டர் என்றால் 60-ஐத் தாண்டும். நூறைத் தாண்டிய துகள்களும் உண்டு. அண்ணன் சுட்ட 1 மி.மீ. மணியை இதில் போட்டால் நடந்து போவதே மேல் என்று சொல்ல மாட்டேன், நொடிக்குச் சில நூறு மீட்டர் வரும். துப்பாக்கித் தோட்டாவிடம் தோற்றுவிடும்.

ஒவ்வொரு துகளின் எடையும் எங்களுக்குத் தெரியும், தராசு இல்லாமல். துகள் இரண்டு உலோகக் குழாய்களுக்குள் புகுந்து போகும். போகும்போது குழாயில் தூண்டப்படும் மின்னூட்டத்தின் உயரம் துகளின் மின்னூட்டத்தைச் சொல்லும். இரண்டு துடிப்புகளுக்கு இடையே ஆன நேரம் வேகத்தைச் சொல்லும். மின்னழுத்தம் முன்பே தெரியும். மின்னூட்டத்தையும் மின்னழுத்தத்தையும் பெருக்கினால் இயக்க ஆற்றல், அதிலிருந்து எடை. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் 0.1 மைக்ரான் இரும்பில் இருப்பது சுமார் 14,000 எலக்ட்ரான்களின் அளவு மின்னூட்டம்தான். யாராவது பக்கத்து மேசையில் நாற்காலியை இழுத்தாலே திரையில் ஒரு துடிப்பு வரும். மூன்று வாரம் ஒரு 'புதுவகைத் துகளை'த் தொடர்ந்து பதிவு செய்தேன். அது வெற்றிடப் பம்பின் அதிர்வு. அண்ணனின் பிளாஸ்டிக் பள்ளத்தைப் படித்ததும் மனசு கொஞ்சம் லேசானது.

இந்த அளவு சின்னத் துகளால் கவசத்தைச் சோதிக்க முடியாது. எங்கள் வேலை வேறு. விண்வெளியில் தூசை அளக்கும் கருவிகளுக்கு அளவு திருத்துவது. காசினி விண்கலம் சனிக்கோளுக்கு எடுத்துப்போன தூசு பகுப்பாய்வுக் கருவி ஹைடல்பெர்க்கில் சோதிக்கப்பட்டதுதான். வேகமாக மோதும் துகள் ஆவியாகி, கொஞ்சம் பிளாஸ்மாவாகும். அந்த அயனிகளைப் பிரித்துப் பார்த்தால் துகள் எதனால் ஆனது என்று தெரியும். கல் தூசு மின்னூட்டத்தைப் பிடித்துக்கொள்ளாது என்பதால் அதன்மேல் பாலிபைரோல் என்ற மின்கடத்தும் பிளாஸ்டிக் அல்லது பிளாட்டினம் மெல்லிசாகப் பூசி ஓடவிடுவார்கள். பனிக்கட்டித் துகளுக்கு அந்த வித்தையும் எளிதில் பலிக்காது. சனியின் என்செலடஸ் நிலாவின் பனித்துகள் தந்த நிறமாலையைப் புரிந்துகொள்ள வெற்றிடத்துக்குள் மெல்லிய நீர்த்தாரையை விட்டு, அதை லேசரால் அடித்துப் பார்த்தார்கள். மோதலே இல்லாத மோதல் சோதனை.

பழைய பிஸ்டன்:

நாற்காலி சமாசாரம் நன்றாக இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் நாற்காலியே பறந்தாலும் கருவிக்குத் தெரியாது.

சின்னத் துகள்களை நாங்களும் சுடுவோம். சாபோவில் ஒரு குழி தோண்டி, அதில் பொடியாகக் கொட்டி மூடி, மொத்தமாக அனுப்புவது. ஒரு சுடலில் நூற்றுக்கணக்கான பள்ளம் கிடைக்கும். எந்தத் துகள் எந்தப் பள்ளம் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2004-இல் வில்ட் 2 வால்மீனின் தூசைப் பிடித்தபோது வேகம் நொடிக்கு 6.1 கி.மீ. அது எங்கள் மாதிரித் துப்பாக்கிக்கு எட்டும் வேகம். மாதிரிகள் 2006-இல் பூமிக்கு வந்தன. இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் விண்கலத்தின் தூசுப் பொறியில் இருந்த அதே வகை அலுமினியத் தாளில், அதே 6.1 கி.மீ. வேகத்தில், அளவு தெரிந்த கண்ணாடி மணிகளைச் சுட்டுப் பள்ளங்களை ஒப்பிட்டார்கள். ஒரு தடவையாவது விண்வெளி நம் வேகத்துக்கு இறங்கி வந்தது என்று எங்கள் ஆட்கள் சொல்லிக்கொள்வோம்.

தங்கச்சிக்கு இன்னொன்று, கருத்தரங்கில் சொல்லலாம். நாசாவின் ஏம்ஸ் மையத்தில் 1960-களில் அப்போலோவுக்காகக் கட்டிய செங்குத்துத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. நிலவின் பள்ளங்கள் சாய்வான மோதலில் எப்படி உருவாகும் என்று பார்க்க வேண்டும். ஆனால் இலக்கு மணல் தொட்டி. தொட்டியைச் சாய்த்தால் மணல் கொட்டிவிடும். ஆகவே துப்பாக்கியையே 15 டிகிரி 15 டிகிரியாகச் சாய்த்துச் சுடும்படி அமைத்திருக்கிறார்கள்.

நிலாத்தூசு:

தலைப்பை மாற்றிவிட்டேன்: "3 கி.மீ. ஏன் 7 கி.மீ.யை விட மோசம்?" தொடக்கத்தில் வகுப்பை மிரட்ட ஒரு கணக்குப் போட்டேன். 1 செ.மீ. அலுமினிய உருண்டை, வேகம் நொடிக்கு 7 கி.மீ. இயக்க ஆற்றல் 277 கிலோஜூல். டி.என்.டி. கிராமுக்கு 4.18 கிலோஜூல் என்றால் 66 கிராம் வெடிமருந்துக்குச் சமம். சரியா?

மைக்ரான்:

மிரட்டல் கொஞ்சம் அதிகம். 1 செ.மீ. உருண்டை என்றால் எல்லோரும் விட்டத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நீ ஆரமாக எடுத்துவிட்டாய். எட்டால் வகு.

நிலாத்தூசு:

அய்யோ. வகுத்துவிட்டேன். 35 கிலோஜூல், டி.என்.டி. 8 கிராம் சொச்சம். உருண்டையின் எடை 1.4 கிராம்தான், ஆகவே தன் எடையைப் போல ஆறு மடங்கு வெடிமருந்து.

பழைய பிஸ்டன்:

இப்போது சரி. எங்கள் குறிப்பேட்டில் அந்த 9 மி.மீ. பள்ளத்தின் அளவை அடித்துவிட்டு ஓரத்தில் "பிளாஸ்டிக்" என்று எழுதினேன். நீ ஸ்லைடில் 277-ஐ அழித்துவிட்டாயா பார்.